அப்பா டெக்சஸ்ல, பொண்ணு நியூ ஜெர்சியில 12வது: இன்-ஸ்டேட் ஃபீஸ் கிடைக்குமா?

எடிசன்_அம்மா | 14 அக்டோபர் 2025

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல, அதான் இங்க வந்து கேக்குறேன். வீட்டுக்காரர் எச்-1பி (வேலை விசா), நானும் பொண்ணும் எச்-4 (அவரோட குடும்பத்துக்கான விசா). அவ அஞ்சாவது படிக்கும்போது சென்னையில இருந்து வந்தோம், இப்ப எடிசன்ல 12வது படிக்கிறா. ஜூலைல இவருக்கு வேலை போச்சு. வேலை போனா வேற வேலை தேட கொடுக்கிற 60 நாள் கெடுவுக்குள்ள சாமி புண்ணியத்துல டாலஸ் பக்கம் ஒரு வேலை கிடைச்சு ஆகஸ்ட் 18ஆம் தேதி சேர்ந்துட்டாரு, இர்விங்ல ஒரு சிங்கிள் பெட்ரூம் எடுத்து தனியா இருக்காரு, லீஸ் ஆகஸ்ட் 15ல ஆரம்பிக்குது. பொண்ணோட கடைசி வருஷத்தை ஏன் கெடுக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் இங்கயே தங்கிட்டோம், ஜூன்ல ஸ்கூல் முடிஞ்சதும் கிளம்பிடுவோம்.

அவ டெக்சஸ்ல மூணு பப்ளிக் யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணியிருக்கா, அவளே உக்காந்து எல்லாம் ஃபில் பண்ணா, நான் பக்கத்துல இல்ல. நேத்து ஒரு போர்ட்டல்ல பாத்தா ரெசிடென்சின்னு இருக்கிற இடத்துல "நான்-டெக்சஸ் ரெசிடென்ட்"னு நிக்குது. அந்த யுனிவர்சிட்டியில டெக்சஸ்காரங்களுக்கான இன்-ஸ்டேட் ரேட்டுக்கும் வெளி ஸ்டேட் ரேட்டுக்கும் நடுவுல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 30,000 டாலர் வித்தியாசம். நாலு வருஷத்துக்கு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. "அம்மா, நான் ஏதோ தப்பா டிக் பண்ணிட்டேனா"ன்னு அவ அழறா. எங்களுக்கு இன்-ஸ்டேட் கிடைக்க வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

புது_வரவு_டல்லஸ் | 14 அக்டோபர் 2025

சிஸ்டர் மனச தேத்திக்கோங்க. எனக்கு தெரிஞ்சு டெக்சஸ்ல இந்த ஜூன்ல சட்டம் மாறிடுச்சு, சிட்டிசன், கிரீன் கார்டு இல்லாதவங்களுக்கு இனிமே இன்-ஸ்டேட் கிடையாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு.

ஃபிரிஸ்கோ_தஞ்சாவூரான் | 14 அக்டோபர் 2025

தம்பி அது தப்பு, அப்படி எழுதாதீங்க, படிக்கிறவங்க பயந்துடுவாங்க. 2025 ஜூன் 4ஆம் தேதி ஃபெடரல் கோர்ட் உத்தரவு வந்தது உண்மை. 2001ல டெக்சஸ் கொண்டு வந்த சட்டத்தை வச்சு ஆவணம் இல்லாத பிள்ளைங்களும் இன்-ஸ்டேட் கட்டி படிச்சாங்க, அதைத்தான் நிறுத்தினாங்க. சட்டப்படி இருக்கிற உரிமை இல்லாதவங்களைப் பத்தின உத்தரவு அது. எச்-4 சட்டப்படி இருக்கிற விசா. நமக்கு மாறினது என்னன்னா முன்னாடி கேக்காத பேப்பரையும் இப்ப ஆபீஸ்ல கேக்குறாங்க, ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), ஐ-797 (விசா அனுமதி கடிதம்) எல்லாம் கைவசம் இருக்கணும், அவ்வளவுதான். (அந்த பிள்ளைங்களுக்கு நடந்தது எனக்கு ரொம்ப வேதனை. என் பையன் கூட படிச்ச ஒருத்தன் பாதியில நிக்கிறான்.)

எடிசன் அம்மா, உங்களுக்கு வழி இருக்கு. இன்னைக்கு நைட் வேலை முடிச்சுட்டு வந்து விரிவா எழுதுறேன். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் பாருங்க: அப்ளிகேஷன்ல ரெசிடென்சி கேள்வி ஒரு பத்து பதினஞ்சு வரும், அதுல "உங்களை டிபெண்டன்டா காட்டுற பெற்றோர் யாரு, அவங்க எங்க இருக்காங்க"ன்ற மாதிரி ஒரு இடம் இருக்கும். பொண்ணு யாரை போட்டா, உங்களையா அப்பாவையா?

எடிசன்_அம்மா | 14 அக்டோபர் 2025

கேட்டேன் அண்ணா. கூட இருக்கிறது நான்தானேன்னு என்னைத்தான் போட்டிருக்கா. நியூ ஜெர்சி அட்ரஸ்.

ஃபிரிஸ்கோ_தஞ்சாவூரான் | 15 அக்டோபர் 2025

அங்கதான் சிக்கல். பாப்பாவை திட்டாதீங்க, அந்த கேள்வி பெரியவங்களுக்கே புரியாது. இப்ப வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டெக்சஸ்ல ரெசிடென்ட் ஆக பிள்ளைங்களுக்கு முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு, டெக்சஸ்ல ஹைஸ்கூல் முடிச்சிருக்கணும், முடிக்கிறதுக்கு முன்னாடி தொடர்ந்து 36 மாசம் இங்க வாழ்ந்திருக்கணும், காலேஜ் சேர்ற செமஸ்டருக்கு முன்னாடி 12 மாசமும் இங்க இருந்திருக்கணும். அது உங்க பொண்ணுக்கு பொருந்தாது. ரெண்டாவது வழி அப்பா அம்மா வழி. பிள்ளை யாரோட டிபெண்டன்டோ அந்த பெற்றோர்ல ஒருத்தர், சென்சஸ் டேட்டுக்கு 12 மாசம் முன்னாடியே டெக்சஸ்ல டொமிசைல் (நிரந்தர குடியிருப்பு) ஆகி அதை விடாம வச்சிருந்தா போதும். ஒருத்தர் போதும், ரெண்டு பேரும் வேணாம். பிள்ளை அந்த 12 மாசமும் டெக்சஸ்ல உக்காந்திருக்கணும்னும் இல்ல. அதனால நீங்க எடிசன்ல இருக்கிறது உங்க கேஸை கெடுக்காது, கவலைப்படாதீங்க.

சென்சஸ் டேட்னா மக்கள்தொகை கணக்குன்னு நினைச்சுடாதீங்க. செமஸ்டர் தொடங்கி 12வது கிளாஸ் நாள், அன்னைக்கு யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு யுனிவர்சிட்டி கணக்கெடுக்கிற நாள். ஆகஸ்ட் கடைசி வாரம் கிளாஸ் ஆரம்பிச்சா நடுவுல லேபர் டே லீவும் போக அது செப்டம்பர் ரெண்டாவது வாரத்துல விழும். சார் சேர்ந்தது 2025 ஆகஸ்ட் 18. அப்ப 2026 ஆகஸ்ட் 18ல 12 மாசம் முடியுது, சென்சஸ் டேட்டுக்கு ஒரு மூணு வாரம் மிச்சம் இருக்கு. செப்டம்பர் கடைசியில சேர்ந்திருந்தா முதல் செமஸ்டர் போயிருக்கும். ஒரு விஷயத்துல உஷாரா இருங்க: சில இடத்துல முதல் வருஷ பிள்ளைங்களை சம்மர்லயே ரெண்டு கோர்ஸ் எடுக்க சொல்லுவாங்க. ஜூன்ல உங்களுக்கு 12 மாசம் ஆகியிருக்காது. பொண்ணு சம்மர்ல சேர வேணாம், ஃபால்ல, அதாவது ஆகஸ்ட் செமஸ்டர்ல சேரட்டும்.

அடுத்தது ப்ரூஃப். எல்லாரும் லீஸை தூக்கிட்டு ஓடுவாங்க, ஆனா லீஸ், கரன்ட் பில் எல்லாம் துணைக்குத்தான். டொமிசைலை நிலைநாட்டுறது வேலை, இல்லன்னா சொந்த வீடு, இல்லன்னா இங்க நடத்துற பிசினஸ். உங்களுக்கு வேலைதான். கம்பெனி லெட்டர்ஹெட்ல எச்ஆர் கொடுக்கிற கடிதம் வேணும், சேர்ந்த தேதி, முழுநேர வேலை, வேலை பாக்குற இடம் டெக்சஸ் முகவரி, இன்னைய வரைக்கும் தொடர்ந்து வேலையில இருக்காருன்னு எல்லாம் இருக்கணும். வேற ஸ்டேட்ல எல்லாம் ஸ்டேட் இன்கம் டாக்ஸ் ரிட்டர்னை காட்டி தப்பிச்சுக்கலாம், டெக்சஸ்ல அந்த டாக்ஸே கிடையாது, அதனால இந்த லெட்டர்தான் உயிர்.

டிரைவிங் லைசன்ஸ் மாத்திட்டாரா? புதுசா வர்றவங்களுக்கு 90 நாள்தான் டைம், நவம்பர் நடுவுல முடியுது. காரை கொண்டு வந்திருந்தா ரெஜிஸ்ட்ரேஷன் மாத்த 30 நாள், அது ஏற்கனவே தாண்டியாச்சு, உடனே பண்ண சொல்லுங்க.

கேரி_மதுரைக்காரி | 15 அக்டோபர் 2025

அண்ணா சொன்ன அந்த எச்ஆர் லெட்டர் விஷயத்துல எங்க கதையை சொல்றேன், யாருக்காவது உதவும். நாங்க இப்ப நார்த் கரோலினா, அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் டெக்சஸ். பெரியவன் அங்க ஒரு யுனிவர்சிட்டியில சேரும்போது எங்களுக்கு வீடு லீஸ்ல, கார் டெக்சஸ் நம்பர், எல்லாம் பக்காவா இருந்துச்சு. இவர் கன்சல்டிங் கம்பெனி, ப்ராஜெக்ட் வேற ஸ்டேட்ல, திங்கள் காலைல ஃபிளைட் ஏறி வியாழன் நைட் வருவாரு. கம்பெனி கொடுத்த லெட்டர்ல "பணியிடம்"னு கிளையன்ட் ஊரை போட்டுட்டாங்க, எங்க வீட்டுக்காரரும் படிக்காம அப்படியே அப்லோடு பண்ணிட்டாரு. நான்-ரெசிடென்ட்னு முடிவு வந்துடுச்சு. முதல் செமஸ்டர் பில்லை பாத்துட்டு கையில இருந்த டம்ளரை அப்படியே வச்சுட்டு உக்காந்துட்டேன்.

அப்புறம் கவுன்டர்ல ஒரு வயசான அம்மா பொறுமையா ஃபைலை பிரிச்சு, அந்த ஒரு வரியில விரலை வச்சு காட்டினாங்க. "உங்க மத்த பேப்பர் எல்லாம் டெக்சஸ்னு சொல்லுது, இது ஒண்ணுதான் வேற சொல்லுது"ன்னாங்க. கம்பெனிகிட்ட மூணு வாரம் தொங்கி, வேலைக்கு அமர்த்தின ஆபீஸ் டெக்சஸ்ல, குடியிருப்பு டெக்சஸ்ல, வெளியூர் போறது தற்காலிகம்னு திருத்தின லெட்டர் வாங்கி மறுபடி கொடுத்தோம். சென்சஸ் டேட்டுக்கு நாலு நாள் முன்னாடி மாத்தினாங்க. அந்த மூணு வாரமும் என் பையன் சாப்பாட்டு தட்டுல கை வச்சுட்டு "நான் வேணா கம்யூனிட்டி காலேஜ் போறேன்மா"ன்னே சொல்லிட்டிருந்தான்.

அதனால லெட்டர் வந்ததும் ஒவ்வொரு வரியும் படிங்க. தேதி, ஊர், ஸ்பெல்லிங் எல்லாம்.

இங்க நார்த் கரோலினாவுல வேற மாதிரி. ஆர்டிஎஸ்னு ஸ்டேட் முழுக்க ஒரே சர்வீஸ், அதுல ஒரு தடவை ஆன்லைன்ல பதில் சொன்னா ஒரு சர்டிஃபிகேஷன் நம்பர் வரும், எல்லா காலேஜுக்கும் அதே நம்பர். இங்கயும் 12 மாசம்தான், பெத்தவங்க வேற ஸ்டேட்ல இருந்தா பிள்ளையும் அந்த ஸ்டேட்டுன்னு எடுத்துக்கிட்டுத்தான் விசாரணையே ஆரம்பிப்பாங்க.

பே_ஏரியா_கோவை | 15 அக்டோபர் 2025

இதே இழையில எனக்கும் ஒரு சந்தேகம். எங்க அண்ணன் பொண்ணு ஒஹாயோவுல இருக்கா. ஒரு வருஷம் முன்னாடியே எங்க வீட்டுக்கு அனுப்பி இங்க ஸ்கூல்ல சேத்துட்டா கலிஃபோர்னியா ரேட் கிடைக்குமா? சித்தப்பா வீடுதானே, நான் கார்டியன்னு எழுதி கொடுக்க தயார்.

ஃபிரிஸ்கோ_தஞ்சாவூரான் | 15 அக்டோபர் 2025

பாசம் புரியுது, ஆனா அது நடக்காதுங்க. பெத்தவங்க உயிரோட வேற ஸ்டேட்ல இருக்கும்போது பிள்ளையோட ரெசிடென்சி அவங்களோடதான் போகும். யூசியில (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) 366 நாள் உடம்போட அங்க இருக்கணும், அங்கயே நிரந்தரமா இருக்கிற எண்ணத்தை பேப்பர்ல காட்டணும். அதோட, பெத்தவங்க கலிஃபோர்னியா ரெசிடென்ட் இல்லன்னா, 24 வயசுக்கு கீழ இருக்கிற அண்டர்கிராட் பிள்ளை தன் சொந்த காசுல வாழுதுன்னும் காட்டணும். பிள்ளை எச்-4ல இருந்தா வேலை செய்யவே அனுமதி இல்ல, எங்க இருந்து காட்டுறது? 2025 ஃபால்ல சேர்ந்த புது பிள்ளைங்களுக்கு யூசி நான்-ரெசிடென்ட் கூடுதல் கட்டணம் மட்டுமே 37,602 டாலர். பள்ளிக்கூடத்தையும் மாத்தி, பெத்தவங்களையும் பிரிச்சு, கடைசியில அதையும் கட்ட வேண்டி வரும். அண்ணன் ஒஹாயோவுலயே நல்ல ஸ்டேட் யுனிவர்சிட்டி பாக்கட்டும்.

பே_ஏரியா_கோவை | 15 அக்டோபர் 2025

நல்லவேளை கேட்டேன். நன்றிங்க, அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்.

மேரிலேண்ட்_பெரியவர் | 16 அக்டோபர் 2025

எச்-4க்கு இன்-ஸ்டேட் உண்டுன்னு சொல்றீங்க, மாணவர் விசாவான எஃப்-1க்கு மட்டும் ஏன் இல்லன்னு யாரும் சொல்லல. நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, எனக்கு தெரிஞ்சதை சொல்றேன். எங்க மேரிலேண்ட் யுனிவர்சிட்டியில 70கள்ல ஒரு பெரிய வழக்கு நடந்துச்சு. உலக வங்கி மாதிரி இடத்துல வேலை பாக்குறவங்க ஜி-4 விசால இருப்பாங்க. அவங்க பிள்ளைங்க இங்கயே வளந்து இங்கயே ஸ்கூல் முடிச்சு யுனிவர்சிட்டிக்கு போனா, உங்க விசா நிரந்தரம் இல்ல, அதனால இன்-ஸ்டேட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க கோர்ட்டுக்கு போனாங்க. சுப்ரீம் கோர்ட் 1982ல டோல் எதிர் மொரேனோ வழக்குல பிள்ளைங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அந்த விசால வர்றவங்க இந்த நாட்டுல குடியேற கூடாதுன்னு ஃபெடரல் சட்டமே சொல்லல, அப்படி இருக்கும்போது ஒரு ஸ்டேட் தன் இஷ்டத்துக்கு அவங்க மேல கூடுதல் சுமை ஏத்த முடியாதுன்றதுதான் சாரம்.

இப்ப எச்-1பிக்கு வாங்க. எஃப்-1ல வர்ற பிள்ளை "படிச்சு முடிச்சு ஊருக்கு திரும்பிடுவேன்"னு சொல்லித்தான் விசா வாங்குது. டொமிசைல்னா "இங்கயே இருப்பேன்"ன்ற எண்ணம். ரெண்டும் மோதுது. எச்-1பிக்கு அந்த தடை கிடையாது, 1990 சட்டத்துக்கு அப்புறம் கிரீன் கார்டுக்கு போட்டுக்கிட்டே எச்-1பில இருக்கலாம். அதனாலதான் நிறைய ஸ்டேட்ல எச்-1பி, எச்-4 குடும்பத்தை டொமிசைலுக்கு தகுதின்னு ஏத்துக்குறாங்க. கவுன்டர்ல யாராவது "விசாவா, அப்ப முடியாது"ன்னு வாய் வார்த்தையா சொன்னா அதோட திரும்பி வந்துடாதீங்க, எந்த விதிப்படின்னு எழுத்துல கேளுங்க. அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு எஃப்-1க்கும் எச்-4க்கும் வித்தியாசம் தெரியாம இருக்கலாம்.

ஆர்லிங்டன்_எம்எஸ்_பையன் | 16 அக்டோபர் 2025

நான் எஃப்-1ல எம்எஸ் பண்றேன், எனக்கு ரெசிடென்ட் ஆக வழியே இல்ல, ஆனாலும் இன்-ஸ்டேட் ரேட்தான் கட்டுறேன் அக்கா. டெக்சஸ்ல ஒரு சட்டம் இருக்கு, போட்டி போட்டு வாங்குற ஸ்காலர்ஷிப் வருஷத்துக்கு குறைஞ்சது 1,000 டாலர் கிடைச்சா வெளி ஸ்டேட் ரேட்டை தள்ளுபடி பண்ணலாம். யுனிவர்சிட்டியே கொடுக்கிற ஸ்காலர்ஷிப்பா, டெக்சஸ் பிள்ளைங்களும் சேர்ந்து போட்டி போட்டதா இருக்கணும், மொத்த பிள்ளைங்கள்ல 5 சதவீதத்துக்கு மேல இப்படி கொடுக்க கூடாதுன்னு வரம்பும் இருக்கு. எங்க ரூம்ல நாலு பேர், மூணு பேருக்கு கிடைச்சுது. 1,000 டாலர் சின்ன காசுன்னு விட்டுடாதீங்க, அதை வச்சுத்தான் பல ஆயிரம் குறையுது. பாப்பாவுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் டெட்லைன் எல்லாம் டிசம்பருக்குள்ளயே வரும், எல்லாத்துக்கும் போட சொல்லுங்க.

எடிசன்_அம்மா | 16 அக்டோபர் 2025

எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, படிக்க படிக்க கண்ணு கலங்குது. பொண்ணுகிட்டயும் காட்டினேன். இன்னும் ரெண்டு கேள்வி. நாங்க ஃபெடரல் டாக்ஸ் ஜாயின்ட்டா ஃபைல் பண்றோம், நியூ ஜெர்சிக்கும் ரிட்டர்ன் போடணும், அது இவர் டெக்சஸ்ன்றதுக்கு இடிக்குமா? இன்னொண்ணு, பொண்ணுக்கு 2029 பிப்ரவரில 21 முடியுது. அப்ப எச்-4 போயிடுமே, அப்ப என்ன ஆகும்?

ஃபிரிஸ்கோ_தஞ்சாவூரான் | 17 அக்டோபர் 2025

டாக்ஸ் கேள்வி நல்ல கேள்வி. இவரை 2025 முழுக்க நியூ ஜெர்சி ரெசிடென்ட்னு காட்டி ரிட்டர்ன் போட்டுட்டு, யுனிவர்சிட்டில ஆகஸ்ட்ல இருந்து டெக்சஸ்னு சொன்னா ரெண்டு பேப்பரும் சண்டை போடும். ஆகஸ்ட் வரைக்கும்தான் அங்க, அப்புறம் இங்கன்னு பார்ட்-இயர் ரெசிடென்டா போடணும். சிபிஏகிட்ட போகும்போது இந்த காலேஜ் விஷயத்தையும் சொல்லியே போங்க. எடிசன் லீஸை புதுப்பிச்சா உங்க பேர்ல மட்டும் போடுங்க. அவரோட பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ், எல்லாத்துக்கும் இர்விங் அட்ரஸ். அப்புறம், டெக்சஸ்னு முடிவு பண்ணா டெக்சஸ்தான், நியூ ஜெர்சியில ஒரு யுனிவர்சிட்டிக்கு போட்டா அங்க "நாங்க நியூ ஜெர்சி"ன்னும் எழுதாதீங்க.

ரெண்டாவது கேள்விதான் என் மனசுல முதல்ல இருந்தே ஓடிட்டிருக்கு, நீங்களே கேட்டுட்டீங்க. 12 மாசத்தை பத்தி எல்லாரும் பேசுவாங்க, 21 வயசை பத்தி கடைசி நேரத்துலதான் முழிச்சுக்குவாங்க. 2026 ஃபால்ல சேர்ந்தா 2029 பிப்ரவரி மூணாவது வருஷத்தோட நடுவு. அதுக்குள்ள கிரீன் கார்டு ப்ராசஸ்ல ஐ-485 (கடைசி கட்ட விண்ணப்பம்) போடுற நிலைக்கு வந்துட்டா வேற கதை. இல்லன்னா எஃப்-1க்கு மாறியாகணும். என் பையன் இங்க ஆறாவதுல இருந்து படிச்சவன், 36 மாச வழியில ரெசிடென்ட் ஆனவன், போன வருஷம் எஃப்-1க்கு மாறினான், அவனுக்கு இன்-ஸ்டேட் அப்படியே தொடருது, ஏன்னா அந்த வழி விசாவை பாக்குறதில்ல. உங்க பொண்ணு வர்றது அப்பாவோட டொமிசைல் வழி. அந்த வழியில பிள்ளையோட விசாவும் டொமிசைலுக்கு தகுதியா இருக்கணும், எஃப்-1 தகுதி இல்ல. மூணாவது வருஷம் பாதியில ரேட் மாற வாய்ப்பு இருக்கு. பயமுறுத்த சொல்லல, இப்பவே தெரிஞ்சா மூணு வருஷம் கையில இருக்கு. ஆர்லிங்டன் தம்பி சொன்ன ஸ்காலர்ஷிப் வழி உங்களுக்கு அங்கதான் கை கொடுக்கும்.

இன்னொண்ணு: நிறைய பிள்ளைங்க இன்டர்ன்ஷிப்புக்காக ரெண்டாவது வருஷமே எஃப்-1க்கு மாறிடுறாங்க, எச்-4ல வேலை செய்ய முடியாதே. அது நியாயமான ஆசைதான். ஆனா மாறுறதுக்கு முன்னாடி ரேட் என்ன ஆகும்னு ரெஜிஸ்ட்ரார்கிட்ட கேட்டுட்டு மாறட்டும். ஃபெடரல் உதவித்தொகை எச்-4க்கும் கிடையாது, எஃப்-1க்கும் கிடையாது, அதனால கையில இருந்துதான் கட்டணும்.

கேரி_மதுரைக்காரி | 17 அக்டோபர் 2025

உங்க வீட்டுக்காரரோட ஐ-140 (கிரீன் கார்டுக்கு கம்பெனி போடுற மனு) எப்ப அப்ரூவ் ஆச்சு அக்கா? அது எத்தனை நாள் பெண்டிங்ல இருந்துச்சோ அந்த நாளை பொண்ணோட வயசுல கழிப்பாங்க. ஆனா 2025 ஆகஸ்ட் 15ல இருந்து அந்த கணக்கை ஃபைனல் ஆக்ஷன் தேதியை (கிரீன் கார்டு உண்மையிலேயே கொடுக்க வர்ற தேதி) வச்சுத்தான் பாக்குறாங்க, முன்னாடி இருந்த சலுகை போச்சு. வக்கீலோட ஒரு அரை மணி நேரம் பேசுங்க.

எடிசன்_அம்மா | 17 அக்டோபர் 2025

கூடுதல் ஃபீஸ் கட்டி சீக்கிரம் முடிக்கிற ப்ரீமியம்ல போட்டது, பத்து நாள்தான் பெண்டிங். கழிக்க ஒண்ணும் இல்ல கண்ணு.

எடிசன்_அம்மா | 24 ஜனவரி 2026

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து, லேட்டா சொல்றேன். நடந்ததை சொல்லிடறேன். மூணு யுனிவர்சிட்டிக்கும் ரெசிடென்சி கேள்விகளை திருத்தி அனுப்பினோம், அப்பா பேர், இர்விங் அட்ரஸ், சேர்ந்த தேதி போட்டு. ரெண்டு இடத்துல இருந்து பதில் எழுத்துல வந்துச்சு: 12 மாசம் ஆகஸ்ட்லதான் முடியுது, அதனால இப்ப நான்-ரெசிடென்ட்னுதான் காட்டும், ஆகஸ்ட் 18க்கு அப்புறம் தேதி போட்ட எச்ஆர் லெட்டரை சென்சஸ் டேட்டுக்கு முன்னாடி கொடுத்தா மறுபடி பாப்போம்னு. மூணாவது இடம் இன்னும் பதில் போடல, வாரா வாரம் கேட்டுட்டிருக்கேன்.

லைசன்ஸ் நவம்பர் 6ஆம் தேதி வாங்கிட்டாரு. எச்ஆர்ல மாதிரி லெட்டர் ஒண்ணு இப்பவே வாங்கி பாத்தோம், மதுரைக்காரி சொன்ன மாதிரியே பணியிடம்ன்ற இடத்துல கலிஃபோர்னியா ஹெட் ஆபீஸ் அட்ரஸ் இருந்துச்சு! இவர் பாத்து திருத்த சொல்லிட்டாரு. பொண்ணு நாலு ஸ்காலர்ஷிப்புக்கு போட்டிருக்கா, ஒண்ணுக்கு வர்ற வியாழன் இன்டர்வியூ. ஒரு நோட்டு போட்டு எல்லா தேதியும் அவளே எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா, முதல் வரியில 2029 பிப்ரவரின்னு சிவப்பு இங்க்ல.

ஃபிரிஸ்கோ_தஞ்சாவூரான் | 24 ஜனவரி 2026

ரொம்ப சந்தோஷம்மா. ஆகஸ்ட் 18 செவ்வாய்க்கிழமை. அன்னைக்கே லெட்டர் கையில வர்ற மாதிரி எச்ஆருக்கு ஜூலை கடைசியிலயே சொல்லி வைக்க சொல்லுங்க, கேட்டு ரெண்டு வாரம் இழுக்கிற கம்பெனி நிறைய இருக்கு. இர்விங்கும் எங்க வீடும் அரை மணி நேரம்தான், சார் தனியா சமைச்சு சாப்பிடுறாருன்னா ஞாயித்துக்கிழமை இங்க வர சொல்லுங்க, தனி செய்தில நம்பர் அனுப்புறேன்.